நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞான போதனை
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடனும் வட்டியும், எருவும் விதையும், வலையும் ஐஸும் பேசவேண்டிய இக்கூட்டத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள கடற்கரைப் பகுதியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருஷகாலம் விஞ்ஞானம் போதித்தவன் என்பதைத் தவிர இவ்விஷயத்தில் பேச எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆதலால் கல்வியின் மகிமையைப் பொதுப்படையாக விஸ்தரியாமல், நான் அறிந்த கரையையும், அங்குள்ள பொதுப் பள்ளிகளில் விஞ்ஞானம் எவ்வாறு போதிக்கப்படுகிறது என்பதையுமே சொல்ல விரும்புகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் செய்யத்தக்க காரியங்களும் சில உண்டு. அவற்றைப் பின்னால் சொல்லுகிறேன்.

உங்கள் சங்கக் கிடங்கில் யூரியா மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். மூட்டையின்மேல் நைட்ரஜன் 46 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நைட்ரஜன் நாம் சுவாசிக்கும் ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகாயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜனே நிறைந்திருந்தும், பயிர் அதை நேராக உண்ண வல்லதன்று. ஹாபர், பாஷ் என்னும் இரு ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிகுந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா என்னும் வாயுவை உண்டாக்கும் வழியைக் கண்டு தொழிலாக்கினர். யூரியா அந்த அமோனியாவிலிருந்து செய்யப்படுவது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளில் ஏற்றும் பாளம் பாளமான ஐஸை உறையச் செய்வதற்கும் ஐஸ் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அமோனியாவே பயன்படுகிறது. ஆகவே வயலில் வேலை செய்பவரும் கடலில் வேலை செய்பவரும், அறிந்தோ அறியாமலோ, அமோனியாவோடு பழகியவர்களே.

இனி 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி இரவுக்கு வருவோம். நள்ளிரவுக்குச் சற்று முன்பு, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே, கப்பலிலிருந்து ஓர் உரத் தொழிற்சாலைக்கு அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. கடல் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, நெஞ்சடைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் கூவிச் சொல்லிக்கொண்டார்கள்.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் என் எட்டாம் வகுப்பில் அமோனியாவின் குணங்கள் யாவை என்று வினவினேன். நிறமற்றது; காரமான நெடியுடையது; நீரில் மிகுதியாகக் கரைவது; காற்றைக் காட்டிலும் இலேசானது என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னது எதற்காக என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று. நீரில் கரைவது என்று அப்போதுதான் ஒப்பித்த வாய், துணியிலுள்ள ஜலம் வாயுவின் ஒரு பகுதியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. கண்ணும் தொண்டையும் முதலில் எரிவானேன் என்பதற்கும் விடை அதுவே. அவை ஈரமான இடங்கள், வாயு அங்கே கரைந்து காரமாகி அரிக்கிறது. காற்றைக் காட்டிலும் இலேசான வாயு ஏன் மேலே போய்விடவில்லை என்று ஒரு பெண் மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாள். அது உத்தமமான கேள்வி. பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரிக் குளிர்ச்சியில் திரவமாயிருக்கும் அமோனியா வெளிப்படும்போது, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து, குளிர்ந்த மூடுபனிபோலாகித் தரையை ஒட்டித் தவழ்வதுண்டு. புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் குணம் வெளியில் இவ்வாறு மாறித் தோன்றும். காற்று வீசும் திசையை அறிந்து, அதற்குக் குறுக்காக விலகி ஓடவேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

அந்த வகுப்புக்கு அப்பாடத்தை நடத்தியவன் நான். குணங்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வித்தவனும் நானே. ஆகவே வேறு எவரையும் குறை கூறும் பொருட்டு இதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

பாடநூலின்மீது பழி போட வழியில்லை. தமிழ்நாட்டில் 2018-ஆம் வருஷம் முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் முந்தியவற்றைவிட மிகவும் நல்லவை. எட்டாம் வகுப்பு நூலில் காற்றைப் பற்றியும், அமிலங்கள் காரங்களைப் பற்றியும் தனித்தனிப் பாடங்களும், அவற்றிலே செய்து பார்க்கவேண்டிய செயல்களும் உள. குறை எங்கேயென்றால், செய்து பாருங்கள் என்று அச்சிட்ட இடத்தைப் பிள்ளைகள் படித்துப் பார்க்கிறார்கள். அதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? முதற் காரணம் உபாத்தியாயர்களின் எண்ணிக்கை. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர், சமூகப் பாடத்துக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. குறைந்தது என்று சட்டம் சொன்னதே பல இடங்களில் நிறைந்ததாகிவிட்டது. சிறிய பள்ளியில் மூன்று வகுப்புகளின் விஞ்ஞானமும் கணிதமும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. அவர் கணிதப் பட்டம் பெற்றவராயின் தவளையின் இருதயத்தையும், விலங்கியல் படித்தவராயின் மின்சாரச் சுற்றையும், தாமே தடுமாறிக்கொண்டு போதிக்க நேரிடுகிறது. பரீட்சை நெருங்கினால் விஞ்ஞான வகுப்பைக் கணிதம் விழுங்கிவிடும். எமிஸ் என்னும் கணினிப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு இவையெல்லாம் மிச்ச நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இரண்டாவது காரணத்தை வெளியார் அறிவதில்லை. ஆனால் கிடங்கு நடத்தும் நீங்கள் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வீர்கள். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பள்ளிக்கு நான் ஒருமுறை போயிருந்தேன். விஞ்ஞான உபகரணங்கள் இருக்கின்றனவா என்றேன். இருக்கின்றன என்று ஓர் இரும்பு அலமாரியைக் காட்டினார்கள். சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மாலையில் அலமாரி திறந்தபோது, உள்ளே நுண்நோக்கி ஒன்று பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமலே இருந்தது. பரிசோதனைக் குழாய்கள் கடையிலிருந்து வந்த காகிதத்திலேயே சுற்றப்பட்டிருந்தன. கொடுத்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள், ஐயா. இருப்புப் பதிவேட்டில் இருபத்துநான்கு என்று எழுதியிருக்கிறது, தணிக்கையில் இருபத்திரண்டு என்றால் நான் விளக்கம் எழுதவேண்டும் என்றார் அந்த உபாத்தியாயர். அவர் சோம்பேறி அல்லர், நல்ல மனுஷர். சங்கக் கிடங்கில் மூட்டைக்கு இவ்வளவு சேதம் அனுமதிக்கப்படும் என்று ஒரு விதி இல்லாவிட்டால் உங்கள் குமாஸ்தாவும் மூட்டையைப் பிரிக்கத் துணியமாட்டார். உடைவதற்கு அனுமதியில்லாத கண்ணாடியைக் கொண்டு விஞ்ஞானம் போதிக்க ஒருவராலும் இயலாது.

மூன்றாவது, மதிப்பெண். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை 25 மதிப்பெண் உண்டு. கீழ் வகுப்புகளில் அப்படியொரு பரீட்சை இல்லையெனினும், 2012-ஆம் வருஷம் முதல் செயல்பாட்டுக்கென்று மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. நோக்கம் நேர்த்தியானது. நடந்ததோ வேறு. செயல்பாடு என்பது சார்ட் காகிதமாக மாறிற்று. பிள்ளை கடைக்குப் போய் அச்சிட்ட படத்தை வாங்கி, வெட்டி, ஒட்டி, ஓரத்தில் வர்ணம் தீட்டிக் கொடுத்தால் மதிப்பெண் விழுந்துவிடும். இருதயத்தின் படத்தை அழகாக ஒட்டிய பையனுக்குத் தன் மணிக்கட்டில் நாடி எங்கே துடிக்கிறது என்று தெரியாது. காசு கொடுத்துப் படம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று பள்ளிக்கே வராது.

சர்க்கார் ஒன்றும் செய்யாமலில்லை. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் திருச்சிராப்பள்ளியில் வானவில் மன்றம் என்னும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பயிற்சி பெற்ற இளைஞர்கள் உபகரணங்களோடு பள்ளி பள்ளியாகச் சென்று, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைச் செய்து காட்டும்படி அது அமைக்கப்பட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் துளிர் என்னும் மாதப் பத்திரிகையை 1987 முதல் நடத்தி வந்திருக்கிறார்கள். இவற்றின் பயனை நான் நேரில் கண்டவன். ஆயினும் வானவில் என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது; வருகிறது, பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள், போய்விடுகிறது. வந்துபோனதை மறுநாள் தொடர்ந்து நடத்தவேண்டியவர் வகுப்பு உபாத்தியாயர்தான். அவருக்கு நேரமும் தைரியமும் இல்லாவிட்டால் திருவிழா முடிந்த திடல்போல் ஆகிவிடும்.

வகுப்பு உபாத்தியாயர்களையே கொண்டு இக்காரியத்தைச் செய்து காட்டிய இடம் ஒன்றுண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-ஆம் வருஷம் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. பள்ளிகள் சர்க்காருடையவை, பிள்ளைகள் கிராமத்தார். விடைகளைச் சொல்லாமல் வினாக்களைக் கேட்கும் பாடநூல். மலிவான சாமான்கள் கொண்ட பெட்டி. உபாத்தியாயர்கள் கோடை விடுமுறையில் கூடித் தாமே ஒவ்வொரு சோதனையையும் செய்து பழகும் பயிற்சி. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதி. 1978-இல் ஜில்லா முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டு அதை வளர்த்தது. முப்பது வருஷம் நடந்த அம்முயற்சியை 2002-ஆம் வருஷம் அந்த மாகாண சர்க்கார் நிறுத்திவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தேர்ச்சி குறைவு என்பது எதிர்த்தவர் சொன்ன வாதங்களில் ஒன்று. இதில் நான் ஊன்றிக் கவனித்தது இதுவே: பெட்டி இருந்தது, புத்தகம் இருந்தது, உபாத்தியாயரும் இருந்தார்; ஆயினும் மேலிருந்து வந்த ஓர் உத்தரவு அத்தனையையும் மூடிவிடக் கூடியதாயிருந்தது. பெற்றோரைப் பள்ளிக்குள் அழைத்து, பிள்ளைகள் செய்வதைக் காட்டி, அது ஏன் வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லும்படி செய்யாத எந்தத் திட்டத்துக்கும் இந்த அபாயம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பிள்ளைக்கு விஞ்ஞான சாலை வேறு வேண்டுமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. நீராவி இயந்திரத்தைப் பற்றிய பாடத்தை அதன் வாசலிலேயே தொடங்கலாம். ஆனால் அதைவிட அவர்கள் வயிற்றோடு சம்பந்தப்பட்ட பாடம் வேறொன்று. கரை ஏன் கரைகிறது?

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை 1875-ஆம் வருஷ இறுதியில் தொடங்கப்பட்டது. 1881-இல் புயலடித்து மிகுந்த சேதம் விளைத்தது, மறுபடியும் கட்டினார்கள். இக்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன; வாடைக்காற்றுக் காலத்தில் மாத்திரம் மணல் தெற்கே திரும்பும். தள்ளிக்கொண்டு வந்த மணல் துறைமுகச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினாக் கடற்கரையின் அகலம் அதனால் ஏற்பட்டது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை; ஆகவே கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது. பின்பு கருங்கற்களைக் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள். ஒரு வளைவு கட்டினால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்தார் கவலைப்படுவது ஏன் என்பதும் மேற்சொன்ன காரணத்தாலேயே விளங்கும்.

இதைக் காட்ட ஒரு பெரிய தாம்பாளமும், ஒரு படி மணலும், ஒரு குடம் ஜலமும், ஓர் ஓட்டுத் துண்டும் போதும். மணலைக் கரைபோல் சாய்த்து வைத்து, நடுவில் ஓட்டைக் குறுக்கே நட்டு, ஒரு பலகையால் ஜலத்தைச் சாய்வாக அலைத்துக்கொண்டே இருந்தால், கால்மணி நேரத்தில் ஓட்டின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து, மறுபக்கம் கரை அரிபடும். நான் இதைச் செய்து காட்டியபோது ஒரு மீனவப் பையன், எங்கள் பாட்டி வீடு இந்தப் பக்கத்தில் இருந்தது என்று அரிபட்ட இடத்தில் விரலை வைத்தான். அந்த வருஷம் அவன் பரீட்சையில் என்ன மதிப்பெண் பெற்றான் என்பது எனக்கு ஞாபகமில்லை.

2017-ஆம் வருஷம் ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று, வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் மழையோடு மறுபடியும் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடிற்று. எண்ணெய் ஏன் மிதக்கிறது, மிதப்பது ஏன் சில நாட்களில் கட்டியாகிப் படிகிறது, அதன் கீழுள்ள இறாலுக்குப் பிராணவாயு எப்படிப் போகும் என்பன எல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகள். சில வருஷங்களாகக் கழிமுகத்தின் அடியில் காக்கா ஆழி என்று மீனவர் பெயரிட்ட ஒரு சிப்பி படர்ந்து, மஞ்சள் மட்டியையும் இறாலையும் வாழவொட்டாமல் செய்கிறது. அது தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய இனம் என்று சாஸ்திரிகள் கண்டார்கள். கப்பல்கள் வழியாக வந்திருக்கவேண்டும். ஆனால் இது புதிது, நம்முடையதன்று என்று முதலில் கவனித்தவர்கள் ஆற்றில் இறங்கிக் கையால் துழாவும் மீனவர்கள். பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சொல்லுவதுதானே விஞ்ஞானத்தின் முதற்படி? அவ்வித்தை உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளையை நாம் விஞ்ஞானத்தில் மந்தம் என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருகிறேன். மேற்சொன்ன சட்டத்தின்படி ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராயிருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும். பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. உங்களில் பலர் அதில் இருப்பீர்கள். கையெழுத்துக்காக நோட்டு வரும், போட்டு அனுப்பிவிடுவீர்கள். சுவருக்கு வெள்ளை, கழிப்பறைக்குக் கதவு என்ற அளவில் தீர்மானங்கள் நின்றுவிடும். அவையும் அவசியமே, கதவில்லாத கழிப்பறையால் பெண் குழந்தைகள் படிப்பை விடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் கையாளும்போது உடையும் கண்ணாடிச் சாமான்களை வருஷத்துக்கு இத்தனை என்று சேதக் கணக்கில் தள்ளுபடி செய்யும்படி குழு பரிந்துரைக்கிறது என்று. இதை எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வரி அலமாரியின் சாவியைவிடப் பலமானது. விஞ்ஞானத்துக்குத் தனி உபாத்தியாயர் வேண்டும் என்பதையும் அபிவிருத்தித் திட்டத்திலே எழுத்தில் கேளுங்கள்; வாயால் கேட்டதற்குப் பதிவு கிடையாது.

பள்ளிக்குப் போகும்போது குற்றம் காணும் தோரணையில் போகவேண்டாம். இந்த மாதம் பிள்ளைகள் என்ன செய்து பார்த்தார்கள் என்று அன்போடு கேட்டால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து கேட்டால் மூன்றாம் மாதம் ஏதாவது ஒன்று செய்யப்பட்டிருக்கும். உபாத்தியாயர் சுபாவம் எனக்குத் தெரியும்.

சங்கத்தாலும் சில உதவிகள் கூடும். 1904-ஆம் வருஷம் திருவள்ளூருக்கருகே திரூரில் கிராமக் கடன் சங்கம் ஏற்பட்டபோது, பதிவேட்டைக் கையில் எடுத்து வரவு செலவு எழுதி எழுதியே குடியானவர்கள் அவ்வேலையைப் பழகியிருப்பார்கள். அதே வழியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். உபயோகமற்றுப் போன தராசு ஒன்று கிடங்கில் கிடக்கும், பள்ளிக்குக் கொடுங்கள். கைப்பிடி யூரியாவை ஒரு குவளை ஜலத்தில் போட்டால் குவளை சில்லென்று குளிர்வதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பின்பு அந்த ஜலத்தைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள், குடிக்கத்தக்கதன்று என்று எச்சரித்துவிட்டு. மீனவர் சங்கத்தார் ஐஸ் பாளம் ஒன்றை முழுதாகவும் அதே எடையுள்ள மற்றொன்றை உடைத்தும் வைத்து, எது முந்திக் கரைகிறது என்று பிள்ளைகளை மணி பார்க்கச் செய்யலாம். படகில் ஐஸ் செலவைக் குறைக்கும் வழி அதில் இருக்கிறது. சங்கக் கட்டடத்தின் மாடியில் ஒரு புனலும் புட்டியும் வைத்து, மழையளவைத் தினந்தோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளையே வந்து பார்த்து உங்கள் பலகையில் எழுதட்டும். பிள்ளை எழுதிய எண்ணைப் பெரியவர்கள் நின்று வாசிக்கிறார்கள் என்பது அதற்கு எந்தப் பரிசையும்விடப் பெரிது.

கடைசியாக ஒன்று. தாய்மார்களே, மஞ்சட்கறை படிந்த துணியில் சோப்பைப் போட்டதும் கறை சிவப்பதை நீங்கள் ஆயிரம் தடவை கண்டிருப்பீர்கள். சோப்பிலுள்ள காரமே அதற்குக் காரணம். மஞ்சள் தடவிய காகிதத்தை நனைத்து அமோனியா வாயு படும்படி வைத்தாலும் அவ்வாறே சிவக்கும். வாயு நீங்கிச் சற்று நேரமானால் மறுபடி மஞ்சளாகும். எண்ணூர்ப் பிள்ளைகள் அறியவேண்டிய பரிசோதனை இது. செலவு அரைக்கரண்டி மஞ்சள்தூள். அத்தகைய காகிதத் துண்டுகள் சில கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் ஒரு வாளியில் சோப்பு ஜலமும், பக்கத்தில் எலுமிச்சம்பழச் சாறும் வைத்திருக்கிறார்கள். உங்களோடு வந்திருக்கும் பிள்ளைகளை முன்னே விடுங்கள். பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம்.